வெளிர்நிறக் காபியும் கஃபீனும்: ஒரு மருத்துவரின் அனுபவத்திலிருந்து

சரவணம்பட்டியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் 33 வயது இளைஞர், ஒரு மாதமாக நெஞ்சு படபடக்கிறது, இரவு இரண்டு மணி வரை உறக்கம் பிடிப்பதில்லை என்று கோவையிலுள்ள என் கிளினிக்குக்கு வந்திருந்தார். ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. தைராய்டு, ஹீமோகுளோபின், இரத்த அழுத்தம் எதிலும் குறையில்லை. காபி எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "காலையில வீட்டுல ஒரு டம்ளருங்க டாக்டர். அப்புறம் ராத்திரி ஒம்பது மணிக்கு மேல சிநேகிதங்களோட கடையில ஒண்ணு. அதுல பாலு கூட இல்லீங்க, டீத்தண்ணி மாதிரி இருக்கும். ஸ்ட்ராங்கெல்லாம் கிடையாதுங்க" என்றார்.

அந்தக் கடையில் காபி தயாரிக்கும் பாரிஸ்டாவிடம் ஒரு குவளைக்கு எத்தனை கிராம் தூள் போடுகிறார் என்று கேட்கச் சொன்னேன். என் எதிரிலேயே அலைபேசியில் கேட்டார். 22 கிராம் அராபிகா வகைக் காபித்தூள், 350 மில்லி வெந்நீர் என்று அடுத்த நொடியே பதில் வந்தது. அத்துடன், "அது ரெண்டு பேருக்குன்னு சொல்லித்தானுங்கண்ணா குடுக்கறோம், நீங்க ஒருத்தரே குடிச்சர்றீங்க" என்றும் அந்தப் பையன் சொன்னான். ஒரு மாதப் படபடப்புக்கான விடை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

கடந்த சில ஆண்டுகளில் ரேஸ்கோர்ஸ், ஆர்.எஸ்.புரம், அவிநாசி சாலைப் பகுதிகளில் மட்டுமல்லாமல் திருப்பூரிலும் ஈரோட்டிலும்கூட, பேக்கரித் தேநீரில் வளர்ந்த நம் பிள்ளைகள் இத்தகைய ஸ்பெஷாலிட்டி காபிக் கடைகளை நாடிச் செல்கிறார்கள். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, மகிழ்ச்சிதான். சர்க்கரையே இல்லாமல் காபி குடிக்க ஒரு தலைமுறை பழகுவது, நீரிழிவு மலிந்த இந்த ஊரில் மருத்துவனுக்கு நல்ல செய்தி. ஏற்காட்டிலும் ஆனைமலையிலும் நீலகிரியிலும் விளையும் கொட்டை, பெயர் தெரியாத கலவையாக மூட்டையில் போய்ச் சேராமல், தோட்டத்தின் பெயரோடு விற்கப்படுவதும் நல்லதே. நூறு மதிப்பெண்ணுக்கு 80 அல்லது அதற்கு மேல் பெறும் கொட்டைதான் ஸ்பெஷாலிட்டி என்ற தகுதியைப் பெறும் என்பது அத்துறையில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கு. அந்தப் பைகளில் தோட்டம், கடல் மட்டத்திலிருந்து உயரம், எஸ்.795 போன்ற ரகம், பதப்படுத்திய முறை, வறுத்த தேதி, நாவில் தெரியும் பழச்சுவை என எல்லாம் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் உறக்கத்தை விரட்டும் பொருளான கஃபீன் ஒரு குவளையில் எவ்வளவு நம் உடலுக்குள் போகிறது என்பது அந்தப் பையிலும் இல்லை, கடையின் விலைப்பட்டியலிலும் இல்லை.

வீட்டுக் காபியை வைத்து நாம் கற்றுக்கொண்ட அளவுகோல்தான் இங்கே நம்மை ஏமாற்றுகிறது. கறுத்து, கெட்டியாக, நாக்கில் கசந்து நின்றால் அது 'ஸ்ட்ராங்'. நிறம் வெளுத்தால் 'லைட்'. ஆனால் நம் டபரா டம்ளரில் தெரியும் கறுப்பிலும் கெட்டித்தன்மையிலும் பெரும்பங்கு சிக்கரியுடையது. சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடித்தால் டிகாக்‌ஷனுக்கு நிறமும் கனமும் கொடுக்குமே தவிர, அதில் கஃபீன் துளியும் இல்லை. சிக்கரி கலந்த காபித்தூளில் காபியின் பங்கு 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும், இரண்டின் விகிதத்தையும் உறையில் குறிப்பிட வேண்டும் என்பதும் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது, ஏறத்தாழ பாதிக்குப் பாதி சிக்கரியாக இருந்தாலும் அது சட்டப்படி சரியான காபித்தூள்தான். கொட்டையைக் கருக வறுத்தாலும் கசப்பு கூடுமேயன்றிக் கஃபீன் கூடாது. எனவே கசப்பையும் நிறத்தையும் வைத்துக் கஃபீனை அளப்பது, காரத்தை வைத்து உப்பை அளப்பதற்கு ஒப்பானது.

அளக்க வேண்டியவை இரண்டே: எந்தக் கொட்டை, எத்தனை கிராம். அராபிகாவில் எடைக்குச் சுமார் 1.2 சதவீதமும், ரோபஸ்டாவில் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகச் சுமார் 2.2 சதவீதமும் கஃபீன் உண்டு. கிராமுக்கு 12 மில்லிகிராம், 22 மில்லிகிராம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். வீட்டில் ஒரு டம்ளருக்கு 10 கிராம் தூள் செலவாகிறது, அதில் 30 சதவீதம் சிக்கரி, மீதியில் இரு வகைக் கொட்டையும் சரிபாதி என்று கொண்டால், அந்தத் தூளில் இருக்கும் கஃபீன் 120 மில்லிகிராமைத் தொடாது. அந்த இளைஞர் 'டீத்தண்ணி' என்று சொன்ன 22 கிராம் அராபிகாவிலோ 264 மில்லிகிராம் இருக்கிறது. கஃபீன் வெந்நீரில் எளிதில் கரையக்கூடியது. காகித வடிகட்டியில் நிதானமாக ஊற்றி இறக்கும்போது பெரும்பகுதி குவளைக்கு வந்துவிடுகிறது. ஆக, வீட்டில் பால் கலந்து அவர் குடித்த 'ஸ்ட்ராங்' காபியைப் போல் இரு மடங்கு, அந்த வெளிர்நிறக் காபியில் இருந்தது.

எஸ்பிரெசோவைப் பார்த்து அஞ்சுபவர்கள் அதிகம். 18 கிராம் தூளை இறுக்கி, சுமார் 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி, 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் அளவுக்கு இறக்குவது இன்று பரவலாக உள்ள முறை. வாயில் வைத்தால் அதைவிடக் கடுமையான காபி இல்லை என்று தோன்றும். ஆனால் அரை நிமிடத்தில் இறங்கும் அந்தச் சிறு அளவில் உள்ள கஃபீன், பெரிய குவளை வடிகட்டிக் காபியில் உள்ளதைவிடப் பெரும்பாலும் குறைவுதான். நான் மிகுதியும் எச்சரிப்பது கோல்டு புரூவைப் பற்றியே. குளிர்ந்த நீரில் 12 மணி நேரத்துக்கும் மேல் ஊறுவதால் கசப்பு இறங்காமல், சர்பத்தைப் போல் வழுவழுப்பாக உள்ளே போய்விடும். லிட்டருக்கு 100 கிராம் என்று ஊறவைத்திருந்தால், 200 மில்லி புட்டி ஒன்று ஏறத்தாழ 20 கிராம் தூளுக்குச் சமம். சித்திரை வெயிலில் இரண்டு புட்டி குடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது ரோபஸ்டாவாக இருந்தால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நல்ல தரமான ரோபஸ்டா இப்போது இக்கடைகளில் பெருமையோடு பரிமாறப்படுவதால், இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளில் 400 மில்லிகிராம் வரையிலும், ஒரே வேளையில் 200 மில்லிகிராம் வரையிலும் கஃபீன் பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் அறிவித்தது. கருவுற்ற பெண்களுக்கு நாள் முழுவதற்குமே 200 மில்லிகிராம்தான் எல்லை. கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் கஃபீனைக் கரைத்து வெளியேற்றும் ஈரலின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடுவதால், காலையில் குடித்தது இரவிலும் இரத்தத்தில் இருக்கும். வளைகாப்பு முடிந்த கையோடு தோழிகள் காபிக் கடைக்கு அழைத்துப்போவது இப்போது வழக்கமாகி வருகிறது, போகலாம், தவறில்லை. கஃபீன் பெருமளவு நீக்கப்பட்ட காபி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

அளவைப் போலவே நேரமும் முக்கியம். உடலில் சேர்ந்த கஃபீன் பாதியாகக் குறையவே பெரும்பாலோருக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது மணிக்கு 240 மில்லிகிராம் உள்ளே போனால், நள்ளிரவு இரண்டு மணிக்கும் 120 மில்லிகிராம் மிச்சமிருக்கும். உறங்கிக்கொண்டிருப்பவரை எழுப்பி ஒரு டம்ளர் வீட்டுக் காபியைப் புகட்டியதற்கு அது சமம். படுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்கும் உறக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததை 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து காட்டியிருக்கிறது. "எனக்குக் காபி குடிச்சாலும் தூக்கம் வந்துருமுங்க" என்று சொல்பவர்களுக்கும் ஆழ்ந்த உறக்கம் குறையவே செய்கிறது. மறுநாள் சோர்வுக்கு அவர்கள் இன்னொரு காபியைத் தேடுகிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு என் கணக்கு வேறு: ஷிப்டின் முதல் பாதிக்குள் குடித்து முடித்துவிட வேண்டும், விடிகாலையில் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் பகல் உறக்கமும் கெடும்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் 68 வயது அம்மா ஒருவருக்குத் தைராய்டு மாத்திரையின் அளவை வேறிடத்தில் இருமுறை கூட்டியும், தைராய்டு சுரப்பு குறையும்போது இரத்தத்தில் ஏறும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் இறங்கவில்லை. மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "காபியிலதாங் கண்ணு முழுங்குவேன், வெறுந்தண்ணியில தொண்டையில நிக்குது" என்றார். அவர் காபிக் கடைக்குப் போகிறவர் அல்லர். பேரன் வாங்கிக் கொடுத்த புதுவகைக் காபியை வீட்டிலேயே குடிப்பவர். எந்தக் காபியானாலும், தைராய்டு மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதை அது குறைக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி என்று மாற்றினோம். பழைய குறைந்த அளவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இரும்புச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. உணவோடு குடிக்கும் ஒரு கோப்பைக் காபி, அந்த உணவிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவதைச் சுமார் 39 சதவீதம் குறைத்ததை 1983-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கண்டறிந்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் அதே இழப்பு. ஒரு மணி நேரம் முன்னதாகக் குடித்தால் இழப்பு இல்லை. இரத்தசோகை உள்ள கல்லூரிப் பெண்களிடம், மதிய உணவு முடிந்தவுடன் காபிக் கடைக்குப் போகாமல் மாலையில் போங்கள் என்று மட்டுமே சொல்கிறேன்.

கொலஸ்ட்ரால் மிகுந்தவர்கள், தூளை வெந்நீரில் ஊறவைத்து உலோகச் சல்லடையால் அழுத்தி இறுக்கும் பிரெஞ்சு பிரஸ் முறையைவிடக் காகிதத்தில் வடிகட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் எண்ணெய்ப் பொருள்களைக் காகிதம் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவையும் கேட்டறிய நமக்கு ஒரு நல்ல ஆள் அங்கேயே நிற்கிறார். பாரிஸ்டா என்பவர் பால்நுரையில் இலை வரைபவர் மட்டுமே என்று நினைப்பவர்கள், காலையில் கடை திறக்கும்போது ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் மாறினாலும், கொட்டை வறுபட்டு நாளானாலும் காபி இறங்கும் வேகம் மாறும் என்பதால், கிரைண்டரைச் சிறிது சிறிதாகத் திருத்தி, ஒவ்வொரு முறையும் தராசில் நிறுத்து, விநாடி எண்ணி, சுவைத்துப் பார்த்து, அதன் பிறகே முதல் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறார்கள். மருந்துக் கடையைத் தவிர இவ்வளவு துல்லியமாகக் கிராம் பார்க்கும் இடம் நம் தெருக்களில் அரிது. கேட்டால் சொல்வார்கள், நாம்தான் கேட்பதில்லை.

அவர்கள் உடம்பையும் யாரும் கேட்பதில்லை. கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்து கோவையில் பாரிஸ்டாவாக வேலை செய்யும் 24 வயதுப் பெண் ஒருவர், வலது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் தாங்க முடியாத வலி என்று வந்தார். நாள் முழுவதும் தூளை டேம்பரால் அழுத்துவதும், கனமான கைப்பிடியைப் பூட்டித் திருகுவதும், பால் குவளையை ஒரே கோணத்தில் பிடிப்பதும் சேர்ந்து, கட்டைவிரலின் தசைநாண் உறை வீங்கியிருந்தது. பேச்சோடு பேச்சாக, உறக்கமில்லை என்பதையும் சொன்னார். காபி எவ்வளவு என்றால், "நான் காபியே குடிக்கறதில்லீங்க சார்" என்றார். காலையில் கிரைண்டரைத் திருத்தும்போது விழுங்கும் ஏழெட்டு வாய் எஸ்பிரெசோ அவர் கணக்கில் வேலை. அவர் ஈரல் அப்படிப் பிரித்துப் பார்க்காது. சுவைத்துத் துப்பும் பழக்கம் காபித் தரம் பார்ப்பவர்களிடம் உண்டு. அதை இவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கட்டைவிரலுக்குப் பட்டையும் மூன்று வார ஓய்வும் எழுதிக் கொடுத்தேன். மேசை இடுப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும், அழுத்தும்போது மணிக்கட்டு மடங்காமல் தோளிலிருந்து பாரம் இறங்க வேண்டும், நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு வேண்டும் என்று கடை உரிமையாளருக்கும் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன்.

படபடப்போடு வந்த இளைஞரைக் காபியை உடனே நிறுத்தச் சொல்லவில்லை. நாள்தோறும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி ஒரு வாரம் வரைகூட நீடிக்கலாம். அளவைப் படிப்படியாகக் குறைத்தோம். இப்போது அதே 22 கிராமை நண்பர் ஒருவரோடு பகிர்ந்து, மாலை நான்கு மணிக்குள் குடிக்கிறார், படபடப்பு இல்லை. ஆனால் படபடப்பு என்றாலே காபி என்று எவரும் தாமாக முடிவு செய்ய வேண்டாம், அவருக்கும் ஈ.சி.ஜி. எடுத்த பிறகே அந்த முடிவுக்கு வந்தேன்.

கோபியிலிருந்து வந்த பெண் மறுபரிசோதனைக்கு வந்தபோது, நான் கேட்டிருந்தபடி, தம் கடையின் ஒவ்வொரு பானத்துக்கும் எந்தக் கொட்டை, எத்தனை கிராம் என்று தம் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கு மேலே, சுவரில் அதை ஒட்டி வைத்திருக்கிறேன்.