பிள்ளையார் பால் குடித்த நாளும் கேமரா காட்டாத இடமும்

விநாயகர் சதுர்த்தி நெருங்கினாலே, பிள்ளையார் சிலை பால் குடிப்பதாகச் சொல்லும் அந்தப் பழைய வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். தும்பிக்கையருகே ஒரு ஸ்பூன், அதில் மெல்லக் குறையும் பால். “டிவி செய்தியிலேயே காட்டினார்களே, அப்படியானால் பொய்யா?” என்று கேட்கிறார்கள். பொய்யில்லை. பால் ஸ்பூனை விட்டுப் போனது உண்மை. எங்கே போனது என்பதைத்தான் காட்டவில்லை.

1995 செப்டம்பர் 21 அதிகாலை டெல்லியில் கிளம்பிய இந்தச் செய்தி, தொலைபேசி வழியாகவே பரவி, அன்றைக்கே லண்டன் சௌத்தால் வரை போய்ச் சேர்ந்தது.

ஸ்பூனில் விளிம்புவரை பால் ஊற்றுங்கள். சிந்தாமல், நடுவில் லேசாகப் புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பைப் பிடித்து வைத்திருப்பது பரப்பு இழுவிசை, அதாவது திரவத்தின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசை. அது ஈரக் கல்லைத் தொட்டதும் கதை மாறுகிறது. கல் பாலை இழுக்கிறது. புடைப்பு உடைந்து கல்லின் மேல் படர்கிறது. படர்ந்த பால் எடையால் கீழே இறங்கும்போது, பின்னாலிருக்கும் பாலையும் விளிம்பு தாண்டி இழுத்துக்கொண்டு போகிறது. கை தன்னையறியாமல் சற்றே சாய்ந்தால் மிச்சமும் போய்விடும். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். பாலுக்குச் சுமார் 50தான். புரதமும் கொழுப்பும் அதைக் குறைத்துவிடுவதால் பால் இன்னும் எளிதாகப் படர்கிறது.

அப்படியானால் வழிந்தது ஏன் கண்ணில் படவில்லை? கணக்குப் போடுங்கள். ஒரு டீஸ்பூன் 5 மில்லி. அது 0.1 மில்லிமீட்டர் தடிமனில் படர்ந்தால் 500 சதுர சென்டிமீட்டரை மூடும். ஏ4 தாளில் முக்கால் பங்குக்கும் மேல். வெள்ளைப் பளிங்கில் அவ்வளவு மெல்லிய வெள்ளைப் படலம் எப்படித் தெரியும்? காலையிலிருந்து அபிஷேகம் நடந்து நனைந்த சிலை என்றால் பால் தங்குதடையில்லாமல் ஓடும். எண்ணெய்க்காப்பு பூசிய கருங்கல்லில் அது முத்துமுத்தாகத் திரளும். ஓடினாலும் வெள்ளைக் கோடு காட்டிக் கொடுத்துவிடும்.

அன்று மத்திய அரசின் விஞ்ஞானிகள் கோயிலுக்கே போய்ச் சாயம் கலந்த பாலைக் கொடுத்தார்கள். ஸ்பூனுக்குக் கீழே சிலைமேல் சாயம் படிந்தது. அவ்வளவுதான் சோதனை. இப்படி உடனே கிளம்பிப் போக ஆளும் பணமும் ஒவ்வொரு மாவட்ட அறிவியல் மையத்துக்கும் தரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செய்தியாளருக்கும் இது எட்டாத வேலையில்லை. கேமராவை ஸ்பூன்மேல் மட்டும் வைக்காமல், பீடமும் தரையும் சட்டகத்துக்குள் வரும்படி பின்னால் நகர்த்த வேண்டும். அர்ச்சகரிடம் அனுமதி கேட்டு, ஒரு ஸ்பூன் பாலில் பீட்ரூட் சாறு கலந்து கொடுத்துப் பார்க்கலாம். பால் தொட்ட இடத்துக்குக் கீழே வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்க்கலாம். தலைப்பில் ‘குடித்தார்’ என்று போடுவது செய்தியாளரே சாட்சி சொல்வதாகும். ‘குடித்ததாகப் பக்தர்கள் கூறினர்’ என்பதே அவர் கண்டதும் கேட்டதும். வரிசையில் நிற்பவரின் பக்தியை இதில் யாரும் குறைத்துப் பேசவில்லை. விளக்கம் மட்டும் மறுநாள் உள்பக்கத்துக்குத் தள்ளப்படாமல், அதே செய்தியின் இரண்டாவது பத்தியில் வரவேண்டும். 2006 ஆகஸ்டில் அதே பால் செய்தி மறுபடி கிளம்பியபோது, 11 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் சாயச் சோதனை எத்தனை பேருக்கு நினைவிருந்திருக்கும்?