அதிருப்தியும் மனத்தாங்கலும்: ஒரு சொல் விளக்கம்

தேர்தல் முடிந்து புதிய தலைமை பொறுப்பேற்ற சில மாதங்களுக்குள் செய்தித்தாள்களில் தவறாமல் வரும் தலைப்புகளில் ஒன்று 'தொண்டர்கள் அதிருப்தி' என்பது. வேட்பாளர் பட்டியலில் பெயர் வராதவரும், வாரியப் பதவி கிடைக்காதவரும், மேடையில் நாற்காலி ஒதுக்கப்படாதவரும் இந்த ஒரே தலைப்புக்குள் அடங்கிவிடுகிறார்கள். இவர்களோடு சேர்த்து வைக்கவே கூடாத ஒருவரும் அதற்குள் அடைக்கப்படுகிறார். தலைவர் சொன்ன வாக்குறுதியை நம்பி, அதைத் தன் சொந்த வாயால் வீடுவீடாகச் சொல்லி வாக்குக் கேட்டவர் அவர். வெற்றிக்குப் பிறகு அதே தலைவர் 'படிப்படியாக', 'நிதிநிலையைப் பொறுத்து', 'வல்லுநர் குழுவின் அறிக்கைக்குப் பின்' என்று பேசத் தொடங்கும்போது, அக்கம்பக்கத்தாரின் கேள்விக்கு நேர்நின்று பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. அவருடைய மனநிலைக்கு அதிருப்தி என்ற சொல் பொருந்துமா, பொருந்தாதென்றால் அதற்குரிய தமிழ்ச்சொல் எது என்பதை இங்கே பார்க்கலாம்.

அதிருப்தி வடசொல். 'த்ருப்தி' என்பதற்கு நிறைவு, போதும் என்னும் நிலை என்று பொருள். அதன் வேர் வயிறாரப் பெற்று அமைதல் என்னும் கருத்தைக் கொண்டது. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் கன்னியாகுமரிக் கடற்கரையில் முன்னோர்க்கு எள்ளும் நீரும் விட்டுச் செய்யும் தர்ப்பணம் என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்தது. பெறுபவரை நிறைவுபடுத்தும் செயல் என்பதே அதன் பொருள். தமிழில் திருப்தி என்று வழங்கும் அச்சொல்லின் முன் 'அ' என்னும் எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து அதிருப்தி ஆயிற்று. இதை அதிவேகம், அதிசயம் போன்ற சொற்களில் வரும் 'அதி' என்று பிரித்துவிடக் கூடாது. தமிழ்ச் சுட்டெழுத்தாக 'அ' வந்திருந்தால் வல்லினம் மிகுந்து 'அத்திருப்தி' என்றாகி, 'அந்த நிறைவு' என்று நேர்மாறான பொருளைத் தந்திருக்கும். வடமொழிப் புணர்ச்சியோடு வந்த சொல்லாகையால் ஒற்று மிகாமல் நிற்கிறது.

குமரி மாவட்டத்தில் இச்சொல்லுக்கு இன்னொரு துணையும் உண்டு. முதலில் திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் 1956 வரை இருந்த பகுதி இது. விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் மலையாள நாளிதழ் வாசிப்போர் இன்றும் இருக்கிறார்கள். மலையாள அரசியல் செய்திகளிலும் இதே சொல் இதே பொருளில் வழங்குவதால், இருபுறமும் கேட்டுப் பழகிய காதுக்கு இது அயற்சொல்லாகவே தோன்றுவதில்லை. ஆனால் நாகர்கோவில் சந்தையிலோ குளச்சல் கடற்கரையிலோ நிற்கும் ஒருவர் 'எனக்கு அதிருப்தியா இருக்கு' என்று சொல்லக் கேட்பது அரிது. 'மனசுக்குச் சங்கடமா இருக்கு' என்பார். சங்கடம் என்பதும் வடசொல்லே. நெருக்கடி, இக்கட்டு என்னும் பொருளுடைய அது, தமிழகத்தின் பிற பகுதிகளில் கூச்சத்தையும் தர்மசங்கடத்தையும் குறிக்க, இங்கே மலையாளத்தில் போலவே துயரத்தைக் குறிக்கிறது. எழுத்தில் அதை ஆண்டால் மதுரைக்காரருக்கு வேறு பொருள் தோன்றும் என்பதால், பொதுச்சொல்லாக அதை முன்மொழிய இயலவில்லை.

அதிருப்தியின் குறை அது வடசொல் என்பதன்று. அது அளவைக் குறிக்கும் சொல் என்பதே குறை. கேட்டது கிடைக்கவில்லை, கிடைத்தது போதவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே இருந்த நம்பிக்கை அதில் இடம்பெறவே இல்லை. கடையில் வாங்கிய பொருளைப் பற்றியும் அதிருப்தி கொள்ளலாம். கடைக்காரரை நாம் நம்பியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தலைவருக்கும் ஆதரவாளருக்கும் இடையில் நடப்பதோ வேறு. தமிழில் 'வாக்கு' என்பது ஒருவர் கொடுக்கும் சொல்லுறுதியையும் குறிக்கிறது. தேர்தலில் அளிக்கும் ஓட்டையும் குறிக்கிறது. இருவரும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்த பின்னர், ஒருவருடைய வாக்கு மட்டும் தளர்கிறது.

அப்படியானால் 'ஏமாற்றம்' என்ற தமிழ்ச்சொல் போதாதா என்று கேட்கலாம். பலர் அதையே ஆள்கிறார்கள். ஏமாறு என்பது தன்வினை. ஏமாற்று என்பது பிறவினை. மாறு என்பதிலிருந்து மாற்றமும், தேறு என்பதிலிருந்து தேற்றமும் பிறப்பதுபோல ஏமாறு என்பதிலிருந்து ஏமாற்றம் பிறக்கிறது. ஏமாறியவர் அடையும் மனநிலைக்கும், ஏமாற்றுகிறவர் செய்யும் வஞ்சகத்துக்கும் இந்த ஒரு பெயரே வழங்குகிறது. 'தலைவரின் ஏமாற்றம்' என்று எழுதினால், தலைவர் ஏமாந்தாரா ஏமாற்றினாரா என்பதை அடுத்த வாக்கியம்தான் சொல்ல வேண்டும்.

பழந்தமிழில் 'ஏமம்' என்றால் காவல், அரண், அதனால் விளையும் இன்பம். இடித்துரைப்பவர் இல்லாத மன்னனை வள்ளுவர் 'ஏமரா மன்னன்' என்கிறார். காவலற்ற மன்னன், கெடுப்பவர் இல்லாவிட்டாலும் கெடுவான் என்பது அக்குறள். 'நாமார்க்கும் குடியல்லோம்' என்று தொடங்கும் அப்பர் பாடலில் வரும் 'ஏமாப்போம்' என்பதும் அச்சமற்ற களிப்பைக் குறிக்கிறது. ஏமம் மாறுவதே ஏமாறுதல் என்று பிரித்துக் காட்டுவதில் ஓர் அழகு இருக்கிறது. நம்பியிருந்த அரண் நழுவிவிட்டது என்னும் உணர்ச்சி அதில் தெளிவாகவே ஒலிக்கிறது. இதைப் பொருள் விளக்கமாகக் கொள்ளலாம். சொல்லின் வரலாறாக நிறுவுவதற்கில்லை. இவ்வளவு செழுமை இருந்தும், இன்றைய வழக்கில் ஏமாற்றம் என்ற சொல் கேட்பவர் மனத்தில் உடனே ஒரு வஞ்சகனைத் தேடுகிறது. வாக்குறுதியைத் தளர்த்தும் எல்லாத் தலைவரும் வஞ்சகர் அல்லர்.

1967 தேர்தலில் அண்ணா தலைமையிலான தி.மு.க. அரிசியைப் பற்றிச் சொன்ன வாக்கு இதற்குத் தக்க சான்று. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதே ஊரெங்கும் பரவிய முழக்கம். அதனுடன் 'மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற வரையறையும் சொல்லப்பட்டிருந்தது. ஆட்சிக்கு வந்தபின் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது. கேட்டவர் நினைவில் நின்றது மூன்று. சொன்னவர் உறுதி கூறியது ஒன்று. கைக்கு வந்ததோ இரு நகரங்களுக்கு மட்டும். மற்ற ஊர்களில் அந்த முழக்கத்தை நம்பி உழைத்த ஒரு தொண்டரின் மனநிலையை ஏமாற்றம் என்று எழுதினால், தலைவர் முன்பே சொன்ன வரையறை மறைந்துபோகிறது. அதிருப்தி என்று எழுதினாலோ, தொண்டர் வெறுமனே படிக்கணக்குப் பார்ப்பவராகிவிடுகிறார். வெளிநாட்டிலிருந்து ஒரு சான்றும் சொல்லலாம். கிரேக்க நாட்டில் 2015 ஜனவரியில் சிக்கன நடவடிக்கைகளை எதிர்த்து வென்ற சிப்ராஸ், ஜூலை 5 அன்று நடத்திய பொதுவாக்கெடுப்பில் 61 விழுக்காட்டினர் கடன் கொடுத்தோரின் நிபந்தனைகளை மறுத்து வாக்களித்த பின்னரும், சில நாள்களுக்குள் கடுமையான நிபந்தனைகளை ஏற்றார். அவருடைய கட்சியில் ஒரு பகுதியினர் பிரிந்தார்கள். எனினும் செப்டம்பரில் நடந்த தேர்தலில் அவரே மீண்டும் வென்றார். வருந்தியவர்களில் பலர் அவரை விட்டு விலகவில்லை என்பதையே இது காட்டுகிறது. வருத்தமும் பற்றும் ஒருங்கே இருக்கும் இந்நிலைக்கு ஒரு சொல் வேண்டும்.

தமிழில் அச்சொல் ஏற்கெனவே இருக்கிறது: மனத்தாங்கல். மனம், தாங்கல் என்னும் இரு சொற்கள், முதற்சொல்லின் ஈற்று மகரம் கெட்டு வல்லினம் மிகுந்து சேர்ந்தது இது. தாங்கு என்பதற்குச் சுமத்தல், பொறுத்தல், வீழாமல் பிடித்தல், ஆதரித்தல் எனப் பல பொருள்கள் உண்டு. கைத்தாங்கல், சுமைதாங்கி, முட்டுத்தாங்கல் ஆகியவை எல்லாம் இதன் கிளைகள். குமரி மாவட்டத்தாருக்குத் தாங்கல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அய்யாவழியினரின் நிழல் தாங்கல்களே. சாமித்தோப்பைத் தலைமைப் பதியாகக் கொண்ட அந்நெறியில், ஊர்தோறும் மக்கள் கூடி வழிபடவும் உணவு பகிரவும் அமைந்த சிறு வழிபாட்டிடங்களுக்கு அப்பெயர். நிழல் தந்து தாங்கும் இடம் என்ற பொருளில் தாங்கல் அங்கே அடைக்கலமாகிறது. மனத்தாங்கலில் அதே சொல், மனம் வெளியே கொட்டாமல் சுமந்துகொண்டிருக்கும் வருத்தமாகிறது.

வழக்கை உற்றுநோக்கினால் இச்சொல்லின் எல்லை இன்னும் தெளிவாகும். முன்பின் அறியாதவரிடம் நமக்கு மனத்தாங்கல் வருவதில்லை. அண்ணன் தம்பிக்கு இடையில், சம்பந்தி வீடுகளுக்கு இடையில், நெடுநாள் நண்பருக்கு இடையில்தான் அது வரும். 'அவங்களுக்கும் எங்களுக்கும் கொஞ்சம் மனத்தாங்கல்' என்று ஒருவர் சொல்லும்போது, உறவு இன்னும் அறுபடவில்லை, பேசித் தீர்க்கலாம் என்பதும் அதற்குள்ளேயே சொல்லப்பட்டுவிடுகிறது. மனஸ்தாபம் என்னும் வடசொல்லும் இதற்கு நெருங்கியதே; ஆனால் தாபம் வெப்பத்தைக் குறிப்பதால் அது சினத்தின் பக்கம் சாய்கிறது. மனத்தாங்கலில் சினத்தைக் காட்டிலும் பொறுத்தல் மிகுதி.

குமரியின் சொந்த வரலாறு இச்சொல்லுக்குச் சரியான இடத்தைக் காட்டுகிறது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய வட்டங்கள் ஒன்பது: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். அதன் தலைவர் மார்ஷல் நேசமணி 1954 ஜூலையில் தேவிகுளத்தில் தடையை மீறிக் கைதானவர். அவ்வாண்டு ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் போராடியவர்கள் உயிரிழந்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. மற்றவை கேரளத்தில் நின்றன. பின்னர் அந்த இயக்கம் காங்கிரசோடு இணைந்தது. ஒன்பதுக்காகச் சிறை சென்ற ஒருவர், நான்கும் ஒரு துண்டும் வந்த நாளைக் கொண்டாடவும் செய்தார்; தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் நினைத்து உள்ளே வருந்தவும் செய்தார். இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லையை வகுத்த அதிகாரம் தலைவர்களிடம் இருக்கவும் இல்லை. அந்த வருத்தத்தை அதிருப்தி என்று பெயரிடுவது சிறை சென்றவரைச் சிறுமைப்படுத்துவதாகும் என்றே நான் கருதுகிறேன். மனத்தாங்கல் என்பதே அதற்குத் தகும்.

அதே ஆண்டுகளிலேயே இச்சொல் செல்லாத இடத்துக்கும் சான்று இருக்கிறது. துப்பாக்கிச் சூடு நடந்தபோது திருவிதாங்கூர்-கொச்சியில் ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளை தலைமையிலான பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் அரசு. அக்கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, தன் கட்சி அரசே பொறுப்பேற்றுப் பதவி விலக வேண்டும் என்றார். அரசு விலகவில்லை, பொதுச்செயலாளர் பொறுப்பிலிருந்து லோகியா விலகினார், அடுத்த ஆண்டில் கட்சியே பிளந்தது. கொள்கையின் அடிப்படையையே கைவிட்டதாக ஒருவர் கருதிப் பிரியும்போது அது மனத்தாங்கல் நிலையைக் கடந்துவிட்டது. அதற்கு முறிவு என்ற சொல்லே சரி.

இனி, இச்சொற்களை இன்று ஆளும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. குமரிக் கடற்கரையில் கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பு, வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. ஊர்தோறும் தூண்டில் வளைவு அமைப்பதாக ஒருவர் வாக்குறுதி அளித்து வென்றார் என்று கொள்வோம். தன் ஊருக்கு அமைந்த வளைவு நீளம் போதாது என்று ஒருவர் குறைப்பட்டால், அது நிறைவின்மை அல்லது மனக்குறை. செய்தித்தாள் வழக்கில் அதிருப்தி என்பதும் அங்கே பொருந்தும். பணம் ஒதுக்கும் எண்ணமே இல்லாமல், வாக்குக்காக மட்டும் அவர் சொல்லியிருந்தார் என்று பின்னர் தெரிந்தால், ஏமாற்று என்றே எழுதலாம், மென்மையாக்கத் தேவையில்லை. உண்மையாகவே முயன்று, நிதியும் அனுமதியும் தடையாகி, 'முதலில் ஓர் ஊருக்கு, மற்றவை ஆய்வுக்குப் பிறகு' என்று அவர் இறங்கிவந்தால், அவருக்காகப் படகுத்துறை படகுத்துறையாகப் பேசிய மீனவரிடம் இருப்பது மனத்தாங்கல். இங்கே இறங்கிவந்ததைச் 'சமரசம்' என்று எழுதும் வழக்கமும் பெருகியிருக்கிறது. வள்ளலார் போன்றோர் வேற்றுமை நீங்கிய ஒருமைநிலைக்கு ஆண்ட உயர்ந்த சொல் அது. வாக்குறுதியைத் தளர்த்துவதற்கு விட்டுக்கொடுத்தல், இறங்கிவருதல் என்ற சொற்களே போதும்.

ஆட்களைக் குறிக்கும்போது 'அதிருப்தியாளர்' என்பதற்கு நேராக 'மனத்தாங்கலாளர்' என்று புதிதாக ஆக்க வேண்டியதில்லை. அது நாவில் நிற்காது. 'மனத்தாங்கலுற்ற தொண்டர்கள்', 'மனத்தாங்கலோடு இருக்கும் ஆதரவாளர்கள்' என்று பெயரெச்சமாகவோ வேற்றுமைத் தொடராகவோ எழுதலாம். தலைப்புக்கு இடம் குறைவென்றால் 'தொண்டர்கள் மனத்தாங்கல்' என்பது 'தொண்டர்கள் அதிருப்தி' என்பதைவிட ஓரிரு எழுத்தே நீளும். பதவி கிடைக்காத செய்திக்கு 'மனக்குறை' என்று எழுதி, வாக்குறுதி தளர்ந்த செய்திக்கு மட்டும் 'மனத்தாங்கல்' என்று எழுதிவந்தால், எது எதைப் பற்றிய செய்தி என்பது தலைப்பைப் படித்த அளவிலேயே வாசகருக்கு விளங்கிவிடும்.