கழன்று விழும் செருப்பும் கால் நுனிக்கு வந்துசேராத புரதமும்

வெள்ளவத்தையிலிருந்து தரம் 10 மாணவி ஒருவர் அனுப்பிய கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"சேர், என்ட பெஸ்ட் ஃபிரெண்டுக்கு ஆறு வயசில லியூக்கேமியா வந்து, மஹரகமவில மருந்தேத்திச் சுகமாயிட்டுது. இப்ப ஒரு வருத்தமும் இல்ல. ஆனா நடக்கேக்க அவளுக்குச் செருப்பு தானாக் கழண்டு போகுது. கடற்கரைக்குப் போக ரயில் பாதையைக் கடக்கேக்க அந்தச் சல்லிக்கல்லுக்குள்ள தடுக்கி விழப் பாப்பாள். படி இறங்கேக்க குனிஞ்சு காலைப் பாத்துப் பாத்துத்தான் இறங்குவாள். சின்னனில இருந்தே இப்பிடித்தானாம். வருத்தம் திரும்பி வருதோ எண்டு எனக்குப் பயமா இருக்கு. அவளிட்டக் கேக்கவும் ஏலாம இருக்கு. எங்கட அம்மம்மா அவளோட ஒரே போத்தல்ல தண்ணி குடியாத எண்டு வேற சொல்றா."

அம்மம்மாவின் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். புற்றுநோய் போத்தலாலோ தட்டாலோ தொற்றாது. அது அந்த உடம்பின் சொந்தக் கலங்கள் கட்டுப்பாடிழந்து பெருகியது. உண்மையில் மருந்து ஏற்றிய காலத்தில் ஆபத்து எதிர்த்திசையில்தான் இருந்தது. அவளுடைய வெண்குருதிக் கலங்கள் குறைந்துபோயிருந்தபடியால், நம்முடைய சாதாரணத் தடிமன் காய்ச்சல்கூட அவளை வாட்டில் படுக்க வைத்திருக்கும். போத்தலைக் கண்டு பயப்பட வேண்டியவள் அவளாக இருந்தாள், நீங்கள் அல்ல.

இனிச் செருப்பு. கடிதத்தை வைத்து நோயை நிர்ணயிக்க நான் வைத்தியர் அல்ல. ஆனால் இரத்தப் புற்றுநோய் திரும்பும்போது பெரும்பாலும் விடாத காய்ச்சல், வெளிறல், காரணமில்லாத கண்டல், எலும்பு வலி என்றுதான் தலைகாட்டும். வருடக்கணக்காக ஒரே மாதிரி இருந்துவரும் தடுக்கலும் கழன்று விழும் செருப்பும் வேறொரு கதையைச் சொல்கின்றன. (புதிதாகத் தொடங்கிய தளர்ச்சி, கூடிக்கொண்டே போகும் தளர்ச்சி என்றால் காத்திருக்காமல் கிளினிக்கில் காட்ட வேண்டும்.) அந்தக் கதையின் மையத்தில் இருப்பது நோய் அல்ல, அவளைக் காப்பாற்றிய மருந்து.

மருந்தின் பெயர் வின்கிறிஸ்டின். சிறுவர்களுக்கு வரும் லியூக்கேமியாவுக்கு உலகெங்கும் கொடுக்கப்படுவது. அது வரும் செடியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கொழும்பில் மதிலோரம், கான் ஓரம், மயானக் கரை என்று தண்ணீர் விடாமலே பூக்கும் இளஞ்சிவப்பு நித்தியகல்யாணிதான் அது. பூர்வீகம் மடகஸ்கார். ஜமெய்க்காவில் அதன் இலையை அவித்து நீரிழிவுக்குக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் ரொபர்ட் நோபிள் 1950களில் அதை ஆராய்ந்தார். விலங்குகளில் சீனி குறையவில்லை, வெண்குருதிக் கலங்கள்தான் குறைந்தன. அவரும் சார்ள்ஸ் பியரும் அதிலிருந்து பிரித்தெடுத்தது வின்பிளாஸ்டின். அதன் உறவான வின்கிறிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. (இதைப் படித்துவிட்டு யாரும் இலையை அவிக்கப் போக வேண்டாம். நஞ்சு. மருந்தின் அளவு மிகச் சிறியது: ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டவிட மாட்டார்கள். ஏன் அந்த வரம்பு என்பதுதான் இந்தக் கட்டுரையே.)

இழையுருப்பிரிவைப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். கதிர்நார்கள் நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கும். அந்த நார்கள் நுண்குழாய்களால் ஆனவை. டியூபியூலின் என்ற புரதத் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்று, 25 நனோமீற்றர் விட்டமுள்ள உள்ளீடற்ற குழாயாகின்றன. ஒரு முனையில் கட்டப்படும், சட்டென்று கழன்று குறுகும், மறுபடி வளரும். வின்கிறிஸ்டின் போய் அந்தத் துண்டுகளோடு ஒட்டிக்கொண்டால் இந்தக் கட்டுவதும் கழற்றுவதும் குழம்பிவிடும். கதிர் ஒழுங்காக அமையாது, கலம் பிரிய முடியாமல் மடியும். ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் லியூக்கேமியாக் கலங்கள் இதில் அதிகம் அகப்படும். இவ்வளவும் பாடப்புத்தகம்.

ஆனால் நரம்புக்கலம் பிரிவதே இல்லை. அதற்கு ஏன் அடி விழ வேண்டும்?

பாதத்தைத் தூக்கும் தசைக்குக் கட்டளை கொடுக்கும் நரம்புக்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடல் கீழ்முதுகில், முண்ணாணுக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு. அதிலிருந்து ஆக்சன் என்ற ஒற்றை இழை புறப்பட்டு, இடுப்பு, தொடை எல்லாம் கடந்து, முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தில் உள்ள அந்தத் தசையைப் போய்ச் சேர்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கே ஏறத்தாழ அரை மீற்றர். இழையின் கடைக்கோடிக்குத் தேவையான புரதங்களில் பெரும்பங்கு கீழ்முதுகில்தான் தயாராகிறது. அங்கிருந்து அதைக் கொண்டுபோக வேண்டும். எப்படி?

நடந்து! இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. இழை நெடுகிலும் நுண்குழாய்கள் ஓடுகின்றன. அவற்றின்மேல் கைனசின் என்ற புரதம், இரண்டு கால் போன்ற பகுதிகளை மாறி மாறி எடுத்து வைத்து, முதுகில் சுமையோடு நடக்கிறது. ஓர் அடி 8 நனோமீற்றர். ஓர் அடிக்குக் கலத்தின் எரிபொருளான ஏ.ரி.பி. மூலக்கூறு ஒன்று செலவு. அரை மீற்றரைக் கடக்க ஆறு கோடிக்கு மேற்பட்ட அடிகள் வேண்டும். ஒரே கைனசின் முழுத் தூரமும் போவதில்லை. நூறு அடி போல நடந்ததும் பிடி விட்டுவிடும், சுமையை மற்றவை தொடர்ந்து இழுக்கும். வேகமான சரக்கு ஒரு நாளில் ஏறத்தாழ 400 மில்லிமீற்றர் போகும். இந்தப் புரதத்தை 1985இல் கணவாயின் பெரிய நரம்பிழையிலிருந்து கண்டுபிடித்தார்கள். வெள்ளவத்தைச் சந்தையில் கணவாயைக் கண்டால் நான் இப்போதும் ஒரு நிமிடம் நின்றுதான் போவேன்.

வின்கிறிஸ்டின் நுண்குழாய்களைக் குழப்பினால் நடை குழம்பும், சரக்கு தாமதமாகும். தூரம் கூடக் கூடத் தட்டுப்பாடும் கூடும். ஆகவேதான் பாதிப்பு உடம்பின் மிக நீண்ட நரம்புகளில், கால்விரல்களிலும் பாதத்திலும் தொடங்குகிறது. பிறகு கைவிரல் நுனி. இவ்வளவு காலமும், சாப்பாடு போகாமல் இழையின் நுனி பட்டினி கிடந்து வாடுகிறது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். விஷயம் அதைவிட விசித்திரமானது. நுனி வாடுவதில்லை. தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது.

ஒவ்வொரு நரம்பிழைக்குள்ளும் சார்ம்1 என்ற நொதியம் தூங்கிக்கொண்டிருக்கிறது. அது விழித்தால் என்.ஏ.டி. என்ற மூலக்கூறை வெட்டித் தீர்த்துவிடும். சக்தி உற்பத்திக்கு என்.ஏ.டி. இன்றியமையாதது. அது தீர்ந்தால் சில மணி நேரத்தில் இழை துண்டு துண்டாகிவிடும். சார்ம்1ஐத் தூங்க வைத்திருப்பது என்ம்நட்2 என்ற இன்னொரு புரதம். இது கலத்தின் உடலில் தயாராகி நுண்குழாய் வழியே வந்துசேர்வது. ஆயுள் குறைந்தது, சிதைந்துகொண்டே இருக்கும், புதிது வந்துகொண்டே இருக்க வேண்டும். கொழும்பிலிருந்து கடிதம் வந்துகொண்டிருக்கும் வரை சும்மா இரு, கடிதம் நின்றுவிட்டால் கிட்டங்கியைக் கொளுத்திவிடு என்று உத்தரவு பெற்றுத் தூரக் கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் காவற்காரன் சார்ம்1.

கடிதம் நின்றது அதற்கு எப்படித் தெரிகிறது? இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. என்ம்நட்2இன் வேலை என்.எம்.என். என்ற மூலப்பொருளை என்.ஏ.டி. ஆக மாற்றுவது. அது வராவிட்டால் மூலப்பொருள் குவியும், விளைபொருள் குறையும். சார்ம்1இல் ஒரு சிறு பொந்து உண்டு. அதில் இந்த இரண்டில் எதுவும் உட்காரலாம். என்.ஏ.டி. உட்கார்ந்தால் தூக்கம். என்.எம்.என். அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் விழிப்பு. இவ்வளவு பெரிய முடிவு ஒரு பொந்தில் யார் இருக்கிறார் என்பதில் தங்கியிருக்கிறது.

இந்தத் துப்பு கிடைத்தது ஒரு விநோதச் சுண்டெலி இனத்திலிருந்து. வெட்டப்பட்ட நரம்பு வழக்கமாக ஓரிரு நாளில் சிதையத் தொடங்கும். அந்த எலிகளிலோ வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. இது 1989இல் வெளியானபோது யாருக்கும் காரணம் புரியவில்லை. 2012இல் சார்ம்1 அகப்பட்டது. 2016இல், சார்ம்1 மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு வின்கிறிஸ்டின் கொடுத்துப் பார்த்தார்கள். நரம்புகள் தப்பின! இதே குடும்பத்து நொதியங்கள் பற்றீரியாக்களிலும் தாவரங்களிலும் உண்டு. அங்கே அவை கிருமி புகுந்த கலத்தையே அழித்து மற்றவற்றைக் காப்பாற்றும் காவலர்கள். நம் நரம்பில் இருப்பதும் அந்தப் பழைய காவலின் மிச்சமாக இருக்கலாம் என்கிறார்கள்.

உங்கள் தோழிக்கு வருவோம். பாதத்தைத் தூக்கும் தசையின் நரம்பிழைகள் சில போய்விட்டால், கால் முன்னே வீசப்படும்போது பாதத்தின் முன்பகுதி தொங்கும். சமதரையில் தெரியாது. ரயில் பாதைச் சல்லிக்கல்லில் தெரியும். விரல்களால் செருப்பை இறுக்கிப் பிடிக்கவும் பலம் போதாது. போதாக்குறைக்குத் தொடுகை நரம்புகளும் குறைந்திருப்பதால் செருப்பு நழுவுவது அவளுக்கே தாமதமாகத்தான் தெரியும். படியில் குனிந்து பார்ப்பதற்கும் காரணம் உண்டு. நம் கால் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டும் நாம் அறிவோம், பாதத்திலிருந்து நரம்புகள் சொல்லிக்கொண்டே இருப்பதால். அந்தத் தகவல் மங்கினால் கண்ணை வைத்து ஈடுகட்ட வேண்டியதுதான். ஆகவே வெளிச்சமில்லாத இடத்தில் அவள் மெதுவாவாள். படம் தொடங்கிய பிறகு தியேட்டருக்குள் போவதென்றால் கையைக் கோத்துக்கொள்ளுங்கள். தோழிகள் கை கோப்பதை யாரும் கவனிக்கப் போவதில்லை.

நல்ல செய்தி: கலத்தின் உடல் பிழைத்திருந்தால் இழை திரும்ப வளரும், நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் கணக்கில். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்து முடிந்த பிறகு நன்றாகவே தேறிவிடுகிறது. சிலருக்கு மட்டும் மிச்சம் நின்றுவிடும். யாருக்கு என்பதில் மரபுக்கும் பங்கு உண்டு: செப்72 என்ற மரபணுவின் ஒரு வடிவம் உள்ளவர்களுக்கு ஆபத்து கூட என்று 2015இல் காட்டினார்கள். மிச்சம் இருந்தாலும் செய்ய நிறைய உண்டு. குதிக்கால் வாருள்ள செருப்பு, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, தேவைப்பட்டால் சப்பாத்துக்குள் பொருத்தும் தாங்கி. இயன்மருத்துவரிடம் ஒருமுறை போனால் காட்டித் தருவார். எழுதும் கை சீக்கிரம் களைத்தால், சாதாரண தரப் பரீட்சையில் மேலதிக நேரம் கேட்டுப் பாடசாலை மூலமாக விண்ணப்பிக்கலாம். அதற்கு வைத்திய அறிக்கை வேண்டும், கடைசி மாதத்தில் ஓடித் திரியாமல் இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை. நம் வீடுகளில் பிள்ளை சுகமானதும் நேர்த்தியை முடித்து, நாவூறு கழித்து, "இனி அந்தப் பேச்சே வேண்டாம்" என்று மருந்துச் சீட்டுகளையும் அலுமாரியின் அடியில் போட்டுவிடுவார்கள். நேர்த்தியில் எனக்கு வழக்கில்லை, மனம் ஆறுகிறது. ஆனால் நாளைக்குக் கலியாணம் பேச வந்தால் தெரிந்துவிடுமே என்று எல்லாவற்றையும் மறைப்பது பிள்ளைக்குத்தான் கேடு. என்ன மருந்து, எவ்வளவு ஏறியது என்பது அவள் முப்பது வயதிலும் வைத்தியருக்குத் தேவைப்படும். லியூக்கேமியாவுக்குக் கொடுக்கும் வேறு சில மருந்துகள் இதயத்தையும் இடுப்பெலும்பையும் கவனத்தையும் பல வருடம் கழித்துத் தொடக்கூடும்.

காசு பற்றியும் சொல்லியாக வேண்டும். 2011இல் இந்தத் தீவின் தென்முனைக்கும் வடமுனைக்கும் இடையே ஆயிரக்கணக்கானோர் நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் திரட்டினார்கள். கட்டடத்துக்குக் கொடுக்க நம் சனம் பின்வாங்குவதில்லை. ஆராய்ச்சிக்கோ நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.1 சதவீதத்தைச் சுற்றித்தான் செலவாகிறது. இங்கே சுகமான பிள்ளைகளின் கால்களைப் பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்து எழுதி வைக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். பாதத்தில் அதிர்வு தெரிகிறதா என்று பார்க்க ஓர் இசைக்கவை, முழங்காலைத் தட்டிப் பார்க்க ஒரு சிறு சுத்தியல், சம்பளம் கொடுத்து வைத்த இரண்டு பேர் போதும். கட்டடத்தில் பெயர்ப்பலகை மாட்டலாம், இதில் மாட்ட இடமில்லை. அதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன்.

"அவளிட்டக் கேக்கவும் ஏலாம இருக்கு" என்று எழுதியிருந்தீர்கள். கேட்கலாம், தனியாக இருக்கும்போது. வருத்தத்தைப் பற்றி அல்ல, காலைப் பற்றி. "காலில உனக்கு மரத்த மாதிரி இருக்குமா?" என்று சாதாரணமாக. நெட்போல் அணியில் சேரலாமா என்று அவள் யோசித்தால், முதலில் கிளினிக்கில் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டு சேரட்டும். வாருள்ள சப்பாத்துப் போட்டால் பந்து எறிவதில் அவளுக்கு ஒரு குறையும் இருக்காது. ஓட்டத்தில் கொஞ்சம் பிந்துவாள், அதை முன்கூட்டியே பயிற்சியாளரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை மட்டும் அவளே தீர்மானிக்கட்டும்.