பானை குளிராத ஊரில்

வேலூரில் பெரியம்மா வீட்டு மண்பானைத் தண்ணீரைக் குடித்தால் பல் கூசும். அதே பானையைச் சென்னைக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து எங்கள் சமையலறையில் இறக்கினார். தண்ணீர் ஏதோ கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். "மெட்ராஸ் தண்ணி சரியில்ல" என்று பெரியம்மா தீர்ப்பு சொல்லிவிட்டார். தண்ணீர் மேல் பழி இல்லை. காற்றைத்தான் கேட்க வேண்டும்.

பானையின் சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவற்றின் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் தேவை. அதைப் பானையிடமிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்தும் அது பிடுங்கிக்கொள்கிறது. சுற்றியுள்ள காற்று வறண்டிருந்தால் இந்த வேலை மளமளவென்று நடக்கும். காற்றிலேயே நீராவி நிறைந்திருந்தால், கூட்டம் பிதுங்கும் மாநகரப் பேருந்தில் ஏறப் பார்ப்பது போலத்தான். கசிந்த நீர் பானைமேலேயே நின்றுவிடும்.

இதை அளக்க முடியும். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் சாதாரண வெப்பமானிகள் இரண்டு வாங்கி, ஒன்றின் குமிழில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி நனைத்தேன். மே மாதம், மதியம் 2 மணி, பால்கனி நிழல், எதிரே மின்விசிறி. உலர்ந்தது 34 டிகிரி காட்டியது. ஈரத்துணி சுற்றியது 29இல் நின்றுவிட்டது, அதற்குக் கீழே இறங்கவே இல்லை. இதைத்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறார்கள். ஆவியாதல் ஒன்றை மட்டும் நம்பினால் அன்றைக்கு எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதன் அடிமட்டம் அது. வேலூரில் 41 டிகிரி கொளுத்தும் நாளில் ஈரப்பதம் 25 சதவீதம் இருந்தால் ஈரக்குமிழ் 25 டிகிரிதான் வரும். வெயில் அங்கே 7 டிகிரி கூடுதல், ஆனால் பானை 4 டிகிரி அதிகமாகக் குளிரும். பெரியம்மாவின் வழக்கு இத்துடன் முடிந்தது.

சரி, பானைக்கு நேர்வது நமக்கும் நேரும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள்கூட சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். பழைய குண்டு பல்பு ஒன்று எந்நேரமும் உள்ளே எரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் வெப்பம் தானாகவே வெளியேறும். தோலின் வெப்பநிலையோ 35ஐ ஒட்டித்தான் இருக்கும். காற்றும் அந்த அளவுக்கு வந்துவிட்டால் வியர்வையை விட்டால் வேறு கதி இல்லை. அந்த 100 வாட்டைக் கழிக்க மணிக்கு 150 மில்லி வியர்வை போதும், ஆனால் அது முழுக்க ஆவியாக வேண்டும். மூக்கு நுனியிலிருந்து சொட்டி விழும் வியர்வையால் உடம்பு குளிராது. உப்பும் நீரும் போனதுதான் மிச்சம்.

ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் சும்மா இருக்கும் ஆரோக்கியமான ஆள்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று ஷெர்வுட், ஹூபர் என்ற ஆய்வாளர்கள் 2010இல் கணக்கிட்டார்கள். அது காகிதக் கணக்கு. அப்புறம் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இளவயதுக்காரர்களை அறைக்குள் வைத்து அளந்து பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். ஈரப்பதம் மிகுந்த காற்றில் ஈரக்குமிழ் 31 டிகிரியை நெருங்கும்போதே அவர்களின் உடல் வெப்பம் கட்டுக்குள் நிற்காமல் ஏறத் தொடங்கிவிட்டது. என் பால்கனியின் 29ஐ இப்போது மறுபடி பாருங்கள்.

இப்படிப்பட்ட நாள் 'வெப்ப அலை' கணக்கில் வராது. கடற்கரை ஊர்களில் 37 டிகிரியைத் தாண்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் அந்தப் பெயர். மற்ற நாள்களுக்கு வானிலை அறிக்கையில் ஒரு வரி வரும்: அதிக வெப்பமும் அதிக ஈரப்பதமும் சேர்ந்து அசௌகரியம் ஏற்படலாம் என்று. 'அசௌகரியம்' என்பது ரொம்பவும் மரியாதையான சொல். வியர்வை தோற்கும்போது உடம்பு ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடுகிறது, இதயம் ஓவர்டைம் பார்க்கிறது. மாடி வீட்டில் தனியாக இருக்கும் வயதானவருக்கு அன்று ராத்திரி மாரடைப்பு வந்தால் வெயிலை யாரும் சந்தேகிப்பதில்லை. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் கூரை ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைக் கட்டில்மேல் இறக்கிக்கொண்டிருக்கும். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது இந்த ஒரு காரணத்துக்காகவே கூலிக்கு ஈடாகும்.

மின்விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை, தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை விரட்டுகிறது. அதனால் புழுக்கத்தில் அது நல்ல நண்பன். வறண்ட காற்று 40 டிகிரியைத் தாண்டினால் அதுவே அடுப்பு ஊதுகிற வேலையைச் செய்யும். அப்போது உடம்பில் ஈரத்துண்டு இல்லாமல் மின்விசிறியை நம்பக் கூடாது. குடிப்பதில், வெறும் தண்ணீரைவிட உப்புப் போட்ட நீர்மோர் மேல். நன்றாக வியர்த்தவர் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துத் தலை சுற்றும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

யாராவது வெயிலில் உளறத் தொடங்கினால், தள்ளாடினால், அது வெப்பவாதம். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். பாரசிட்டமால் கொடுத்துப் பயனில்லை. காய்ச்சலில் மூளையே வெப்பத்தின் அளவை ஏற்றி வைக்கிறது, மாத்திரை அதை இறக்குகிறது. இங்கே மூளை ஏற்றவே இல்லை, உடம்பால் வெப்பத்தை வெளியேற்ற முடியவில்லை. 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

வெப்பமானிகளை எங்கள் குடியிருப்பு வாசலுக்கும் எடுத்துப் போனேன். காவலாளி அண்ணன் உட்காரும் தகரக் கூண்டுக்குள் உலர்ந்தது 39, ஈரம் 30. அவர் முழுக்கை பாலியஸ்டர் சட்டை, அதன் மேல் பெல்ட். வியர்வை ஆவியாக வழியே இல்லாத உடை. படம் எடுத்துக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, நாற்காலியை மரத்தடிக்கு மாற்றலாமா, சட்டையை மாற்றலாமா என்று கேட்டேன். அங்கிருந்து கேட் தெரியாதே, சீருடை இல்லாமல் எப்படி என்றெல்லாம் இரண்டு நாள் விவாதம் ஓடியது. கடைசியில் நாற்காலி பத்தடி தள்ளிப் புங்க மரத்தடிக்குப் போனது, மே, ஜூன் இரண்டு மாதத்துக்குப் பருத்திச் சட்டை என்றும் முடிவானது.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கொசு ஜாஸ்தி சார், ஆனா உக்கார முடியுது" என்றார்.