பழம்பெயர் பார்த்து வாங்கிய காலணியில் ஓடாதீர்கள்

இந்த மாதம் குதிகால் வலியோடு என்னிடம் வந்த மூன்றாவது நபர் அவர். வயது 45, முதன்முறையாக 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்தவர், காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் கால் ஊன்ற முடியவில்லை என்றார். அவருடைய காலணியை வாங்கி, முனையையும் குதியையும் பிடித்து அழுத்திப் பார்த்தேன். வெற்றிலையை மடிப்பதுபோல் நட்டநடுவே இரண்டாக மடிந்தது. "பெரிய ஸ்போர்ட்ஸ் கம்பெனியோடதுதானே டாக்டர், விலையும் அதிகம்தான்" என்றார்.

விளையாட்டில் பெயர் பெற்ற பழைய நிறுவனங்கள் பருவந்தோறும் வெளியிடும் ஃபேஷன் வரிசைகள் விளையாடுவதற்காகச் செய்யப்படுபவை அல்ல. ஓனிட்சுகா டைகரின் கதையே இதை விளக்கும். 1949-இல் ஜப்பானின் கோபே நகரில் கிஹாச்சிரோ ஓனிட்சுகா தொடங்கிய அந்த நிறுவனம், 1977-இல் வேறு இரு நிறுவனங்களோடு இணைந்து ஆசிக்ஸ் ஆனது. 2002-இல் பழைய பெயர் ஃபேஷன் பிராண்டாகத் திரும்பி வந்து, 2021 முதல் மிலான் ஃபேஷன் வாரத்தில் மேலங்கியும் பின்னலாடையும் காலணியுமாகத் தன் புதிய வரிசைகளைக் காட்டுகிறது; ஓடுகிறவர்களுக்கான காலணிகளோ ஆசிக்ஸ் என்ற பெயரில் தனியே விற்பனையாகின்றன. அதாவது, எது நடைக்கு, எது ஓட்டத்துக்கு என்று தயாரித்தவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இருந்தும், "அந்தக் காலத்து வீரர்கள் இதைப் போட்டுத்தானே ஓடினார்கள்?" என்ற கேள்வி வாரம் ஒருமுறையாவது என் காதில் விழுகிறது. எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு ஓடி வென்றார். மறு ஆண்டு ஜப்பானில் நடந்த மாரத்தானை ஓனிட்சுகாவின் டைகர் காலணி அணிந்து வென்றார். இரண்டு முறையும் அவரை வெல்ல வைத்தவை, ஆண்டுக்கணக்கில் ஓடிப் பழகிய அவருடைய கால்கள். நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்துவிட்டு, வார இறுதியில் மட்டும் தார்ச்சாலையில் இறங்குகிற நாம் அவரை எடுத்துக்காட்டாகச் சொல்லலாமா? அன்று ஓட்டக்காரருக்குக் கிடைத்ததே மெல்லிய, தட்டையான அடிப்பாகம்தான். இன்று அதே வடிவத்தை அழகுக்காகவே அப்படியே வைத்திருக்கிறார்கள்.

அழகான காலணியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அலுவலகத்துக்கும் பயணத்துக்கும் தாராளமாக அணியுங்கள். ஓடுவதற்கு வாங்கும்போது மட்டும், "இது ரன்னிங் ஷூவா, லைஃப்ஸ்டைல் ஷூவா?" என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நான் செய்ததுபோல் மடித்துப் பாருங்கள். விரல்களின் அடியில் வளையலாம், நடுவில் மடியக் கூடாது. பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில் அளவு பாருங்கள். தயவுசெய்து, புதுக் காலணி வாங்கிய வாரத்திலேயே தூரத்தைக் கூட்டாதீர்கள்.

காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால், வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடாமல் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் இயன்முறை மருத்துவரிடம் செல்லுங்கள். போகும்போது ஓடிய காலணியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன் அடிப்பாகம் எங்கே தேய்ந்திருக்கிறது என்றுதான் நாங்கள் முதலில் பார்ப்போம்.