பூட்டிய டிஸ்க் யாருக்குத் தெரியவில்லை?

பழைய மடிக்கணினி இழுத்து இழுத்து ஓடுகிறது என்றால் இப்போது எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்கான ஓர் எஸ்.எஸ்.டி.யைப் பூட்டு. சில திருகாணிகளைக் கழற்றும் வேலைதானே என்று மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இதை வீட்டிலேயே செய்கிறவர்கள் உண்டு. மருந்தில் பிழையில்லை. பூட்டிய டிஸ்க்கைக் கணினியில் காணவில்லை என்றதும் “பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டான்” என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதுதான் அவசரம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: டிஸ்க் யாருக்குத் தெரியவில்லை? பயோஸுக்கா, விண்டோஸுக்கா?

கணினியை இயக்கியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் உள்ள பயோஸ் என்ற தொடக்க நிரல். விண்டோஸ் அதற்குப் பிறகே வருகிறது. பெரும்பாலான கணினிகளில் இயக்கியவுடன் டிலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால் பயோஸ் திரை வரும். அங்கே டிஸ்க்கின் பெயர் இருந்தால் மின்சாரம், கேபிள், டிஸ்க் மூன்றும் அநேகமாகச் சரி. மூடியை மறுபடி கழற்ற வேண்டாம். பெயர் இல்லையென்றால் விண்டோஸை எத்தனை முறை போட்டாலும் பயனில்லை.

பெயர் எப்படி வந்து சேர்கிறது? சாட்டா என்ற இணைப்பு முறையில் கேபிளால் பூட்டும் டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். அதன் தரவுக் கேபிளில் ஏழு தொடுமுனைகள். மூன்று நிலமுனைகள், மற்ற நான்கில் ஒரு சோடி அனுப்ப, ஒரு சோடி பெற. தாய்ப்பலகை முதலில் ஒரு விழிப்புச் சைகையை அனுப்புகிறது. டிஸ்க் பதில் சைகை தர, இருவரும் எந்த வேகத்தில் கதைப்பது என்று தீர்மானிக்கிறார்கள்: நொடிக்கு 6, 3 அல்லது 1.5 கிகாபிட். கேபிள் நலிந்திருந்தால் வேகம் குறையும், அல்லது உடன்பாடே வராது. இணைப்பு ஏற்பட்ட பிறகுதான் “நீ யார்?” என்ற கட்டளை போகிறது. டிஸ்க் 512 பைட் நீளமான பதிலைத் திருப்பி அனுப்பும். மாதிரியின் பெயருக்கு 40 எழுத்து, தொடர் இலக்கத்துக்கு 20 எழுத்து, கொள்ளளவு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பயோஸ் திரையில் நாம் பார்க்கும் பெயர் டிஸ்க்கே தன் வாயால் சொன்னது.

மின்சாரக் கதை வேறு. மேசைக் கணினியின் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் வேண்டும்; மோட்டாரைச் சுழற்றுவது 12 வோல்ட். 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.க்கு 5 வோல்ட் போதும். அதனால் ஒரே மின்கேபிளில் எஸ்.எஸ்.டி. வேலை செய்து, ஹார்ட் டிஸ்க் செத்துக் கிடப்பது நடக்கக்கூடியதே. ஹார்ட் டிஸ்க்கின் மேல் விரலை வைத்தால் சுழலும் அதிர்வு தெரியும். எஸ்.எஸ்.டி.யில் சுழல எதுவுமில்லை, சத்தமும் வராது.

நம் கரையோரத்துக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. மட்டக்களப்பின் கல்லடியும் காத்தான்குடியும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று நடுவே கிடக்கும் நிலம். காற்றிலுள்ள உப்புத் துகள்கள் கணினிக்குள்ளும் படிகின்றன. ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுப்பு காற்றின் நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். மாரி காலத்தில் இதற்குப் பஞ்சமில்லை. தொடுமுனைகளின் தங்கப் பூச்சு மிக மெல்லியது. அதிலுள்ள நுண்துளைகள் வழியாகக் கரைசல் இறங்கி அடியிலுள்ள உலோகத்தை அரிக்கிறது. தாய்ப்பலகையில் நெடுநாள் வெறுமையாகக் கிடந்த சாட்டா வாயில் (போர்ட்டில்) புதிய கேபிளைச் செருகும்போது வேறொரு வாயையும் முயன்று பார்க்கச் சொல்வது இதனால்தான். சுத்தம் செய்ய ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சு நல்லது. பென்சில் அழிரப்பரால் தேய்ப்பது பலரின் வழக்கம். அழுக்கோடு தங்கமும் போய்விடும்.

கேபிளின்றித் தாய்ப்பலகையிலேயே செருகும் எம்.2 வகையில் ஏமாற்றம் கூடுதல். சுவிங்கம் போன்ற அந்தத் தட்டையான எஸ்.எஸ்.டி.கள் உருவத்தில் ஒன்றாகவும் மொழியில் இரண்டாகவும் இருக்கின்றன. சில சாட்டா பேசும். சில பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வேறொரு தடத்தில் என்.வி.எம்.இ. என்ற மொழி பேசும். சாட்டா வகையின் தொடுமுனை விளிம்பில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகள் இருப்பதால் அது என்.வி.எம்.இ. வாயிலும் அழகாகப் பொருந்திவிடும். ஆனால் அந்த வாய்க்குச் சாட்டா கம்பிகளே இழுக்கப்படாவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் மௌனம்தான். சில தாய்ப்பலகைகளில் இன்னொரு வேடிக்கை: எம்.2 வாயும் ஒரு சாட்டா வாயும் ஒரே தடத்தைப் பங்குபோடும். புதியதைப் பூட்டியதும் பழைய டிஸ்க் காணாமல் போகும். எந்த வாய் அணைகிறது என்பது தாய்ப்பலகைக் கையேட்டில் இருக்கும். வாங்கிய அன்றே பெட்டியோடு வீசப்படும் கையேடு அது!

பயோஸ் காட்டுகிறது, ஆனால் விண்டோஸை நிறுவும்போது டிஸ்க் பட்டியல் வெறுமையாக இருக்கிறது என்றால், இன்டெல் 11ஆம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ உள்ள மடிக்கணினிகளில் வி.எம்.டி. என்ற அமைப்பைச் சந்தேகிக்கலாம். டிஸ்க்குகளைத் தன் மறைவில் வைத்து நிர்வகிக்கும் அமைப்பு இது. அதற்கான இன்டெல் டிரைவரை யு.எஸ்.பி.யிலிருந்து ஏற்றினால் டிஸ்க் தோன்றும். பயோஸில் வி.எம்.டி.யை அணைப்பதும் ஒரு வழி. ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் கணினியில் அணைத்தால் அந்த விண்டோஸ் தொடங்காமல் போகலாம்.

எல்லாம் சரி, விண்டோஸும் ஓடுகிறது, ‘திஸ் பிசி’யில் மட்டும் புதிய டிஸ்க் இல்லை. அச்சமில்லாத நிலை இதுதான். தொழிற்சாலையிலிருந்து வந்த டிஸ்க் உறுதி எழுதாத காணி போன்றது: நிலம் இருக்கிறது, எல்லை இல்லை. ‘திஸ் பிசி’ எல்லை போட்டு எழுத்துப் பெயர் கொடுத்த பகுதிகளை மட்டுமே காட்டும். விண்டோஸ் விசையோடு எக்ஸை அழுத்தி ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டுக்குப் போனால் கறுப்புப் பட்டையோடு டிஸ்க் காத்திருக்கும். பகுதிகளின் எல்லையைக் குறித்துவைக்கும் முறை எம்.பி.ஆரா, ஜி.பி.டி.யா என்று கேட்டால் ஜி.பி.டி. என்க. எம்.பி.ஆர். முறை பகுதியின் அளவை 32 பிட்டில் எழுதுகிறது. டிஸ்க்கின் சிறு அலகான ஒரு செக்டர் 512 பைட் என்றால் 2.2 டெராபைட்டுக்கு மேல் எழுத அதில் இடமில்லை. பின்னர் பகுதி பிரித்து ஃபார்மட் செய்தால் 1 டெராபைட் டிஸ்க் 931 ஜி.பி. என்று தெரியும். எதுவும் திருடுபோகவில்லை, விண்டோஸ் ஆயிரத்தால் வகுக்காமல் 1,024ஆல் வகுக்கிறது.

இதே கேள்விப் பெட்டி, படங்களும் கணக்குகளும் இருந்த பழைய டிஸ்க்கைப் பூட்டும்போது வந்தால் ‘ஓகே’யை அழுத்தாதீர்கள். பகுதி அட்டவணை மட்டும் சிதைந்திருக்கலாம், கோப்புகள் அப்படியே கிடக்கலாம். எஸ்.எஸ்.டி. என்றால் ஆபத்து கூடுதல்: ஃபார்மட் செய்ததும் விண்டோஸ் ‘இந்த இடங்கள் இனி வேண்டாம்’ என்று சொல்லும் ‘டிரிம்’ கட்டளையை அனுப்பும், டிஸ்க் தன் பாட்டில் அந்த இடங்களைத் துடைக்கத் தொடங்கும். கணினியை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.