பிரைம் லென்ஸ்: பொருளும் தமிழ்ச்சொல்லும்

காட்சி எவ்வளவு பெரிதாகப் பதியும் என்பதைத் தீர்மானிக்கும் குவியத்தொலைவு மாறாத கேமரா லென்ஸுக்குப் பிரைம் லென்ஸ் என்று பெயர். 35 மி.மீ. என்று பொறித்திருந்தால் அது எப்போதும் 35 மி.மீ.தான். சட்டத்துக்குள் ஆள் பெரிதாகத் தெரியவேண்டுமானால் படம் எடுப்பவர்தான் கிட்டே போகவேண்டும்.

பிரைம் என்பதன் வேர் 'முதல்' எனப் பொருள்படும் லத்தீன்ச் சொல். தொடக்கத்தில் இது, குவியத்தொலைவை மாற்றக்கூடிய ஜூம் லென்ஸுக்கு எதிர்ச்சொல்லாக வழங்கவில்லை. ஒரு லென்ஸோடு துணை லென்ஸ் ஒன்றைச் சேர்த்துப் பொருத்தும்போது, உருவத்தை உண்டாக்கும் மூல லென்ஸைப் பிரித்துச் சொல்லவே பயன்பட்டது. ஜூம் பெருகிய பிறகுதான் இன்றைய பொருள் நிலைபெற்றது. ஆகவே 'முதன்மை வில்லை' என்பது சொல்லின் வரலாற்றுக்குச் சரி, இன்றைய பொருளுக்குச் சரியில்லை. ஆங்கிலத்தில் பகா எண்ணுக்கும் பிரைம் என்றே பெயர் என்பதால் அதை நினைத்துக்கொண்டு 'பகா வில்லை' என்று ஆக்கினால் கேட்கவே வேண்டாம்.

'நிலைக்குவிய வில்லை' கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஆனால் கூர்மை (ஃபோகஸ்) ஒரே தூரத்தில் பூட்டப்பட்ட மலிவான கேமராக்களின் லென்ஸையும் அது குறித்துவிடும். பிரைம் லென்ஸில் மாறாதது குவியத்தொலைவு மட்டுமே. கூர்மையை அருகிலும் தொலைவிலும் நகர்த்தலாம். எனவே 'மாறாக் குவியத்தொலைவு வில்லை' என்பதே பிழையில்லாத பெயர். நீளம்தான். கட்டுரையில் ஒருமுறை இப்படி எழுதிவிட்டு, பிறகு பிரைம் வில்லை என்று சுருக்கிக்கொள்வதில் தவறில்லை.

பிரைம் லென்ஸ்களுள் மிகக் குட்டையானதைப் பான்கேக் லென்ஸ் என்பார்கள். தமிழில் 'தட்டை வில்லை' போதும். உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் இது எளிதாகக் கைகூடக் காரணம் உண்டு. கேனனின் ஆடியுள்ள கேமராக்களுக்கான இஎஃப் பொருத்தியில் லென்ஸ் அமரும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே 44 மி.மீ.; நடுவில் ஆடி அசைய அந்த இடம் தேவைப்பட்டது. மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்எஃப் பொருத்தியில் அது 20 மி.மீ. ஆடி இல்லாததால் அகலக்கோண லென்ஸின் பின்பகுதி சென்சாரை நெருங்கலாம், ஒளியைப் பின்னுக்குத் தள்ளும் கூடுதல் கண்ணாடிகளும் குறையும். ஆர்எஃப் 28 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் நீளம் 24.7 மி.மீ., எடை 120 கிராம்.

எஃப் எண் (குவியத்தொலைவைத் திறப்பின் விட்டத்தால் வகுத்தது) 2.8-லேயே நிற்பதும் அளவுக்காகத்தான். 28-ஐ 2.8-ஆல் வகுத்தால் ஒளி நுழையும் திறப்பின் விட்டம் 10 மி.மீ. எஃப் 1.4 வேண்டுமென்றால் அது 20 மி.மீ. ஆகும், கண்ணாடிகளும் பருக்கும்.

சிறுமைக்கு விலையும் உண்டு. திறப்பை முழுதாக வைத்தால் மூலைகள் இருளும். திறப்பு எதுவானாலும் கோடுகள் வளையும். ஜேபெக் படத்தில் கேமராவே இதைத் திருத்திவிடும். கேமரா திருத்தாமல் சேமிக்கும் ரா கோப்பில் மென்பொருளின் லென்ஸ் திருத்தத்தை இயக்கினால்தான் சரியாகும். மூலை இருட்டைத் தூக்கும்போது அங்கே மணல் போன்ற புள்ளிகள் கூடும் என்பதால், வெளிச்சம் இருந்தால் திறப்பை எஃப் 5.6-க்குக் குறைப்பது நல்லது. பல தட்டை வில்லைகளில் கூர்மை தேட உள்குழாய் முழுவதுமே முன்னும் பின்னும் நகர்கிறது. அதனால் வேகம் குறையும், வீடியோவில் மோட்டார் இரைச்சல் பதியும். கேமரா இயங்கும்போது அந்தக் குழாயைக் கையால் அழுத்தக்கூடாது.